காய்ந்த லானைப் பிடுங்குவதற்கு முன்

கேள்வி இதுதான். கோவைப் பக்கம் மூன்று சென்ட் புல்தரை. இரண்டு வருடத்துக்கு முன் கொரியன் புல்லைப் பாயாக வாங்கி விரித்தது. பிப்ரவரியில் போரில் தண்ணீர் குறைந்து, மார்ச் கடைசியில் நின்றேவிட்டது. ஐந்து வாரமாகச் சொட்டுத் தண்ணீர் விடவில்லை. நடுவில் ஒரு திட்டு மட்டும் பச்சையாக இருக்கிறது, மற்றதெல்லாம் வைக்கோல் நிறம், மதில் ஓரம் மட்டும் இன்னும் மோசம். நர்சரிக்காரர் “செத்துப்போச்சு சார், எடுத்துட்டு பெர்முடா போட்டுடலாம்” என்கிறார். அவர் சொல்வது சரியா, எந்தப் புல் வறட்சி தாங்கும், எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் பிடுங்காதீர்கள். நர்சரிக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் செத்தும் போயிருக்கலாம். ஆனால் நிறத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. வாழைக்குக் கிழங்கு எப்படியோ, புல்லுக்குத் தரைமட்டத்தில் வேரும் தண்டும் கூடுகிற கழுத்து அப்படி. அடுத்து வர வேண்டிய இலைக்கும் வேருக்கும் மொட்டு அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் தட்டும்போது புல் தன் இலைகளைத் தானே கைவிடும். இலை போனால் ஆவியாகிற தண்ணீர் மிச்சம். மிஞ்சிய ஈரத்தை வைத்துக் கழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு உறங்கும் புல்லும் செத்த புல்லும் ஒரே நிறம்.

அதனால் தோண்டித்தான் பார்க்க வேண்டும். பழைய கத்தி ஒன்றை எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு நான்கு பக்கமும் வெட்டி, மூன்று நான்கு அங்குல மண்ணோடு ஒரு துண்டைக் கிளப்புங்கள். பச்சைத் திட்டில் ஒன்று, வைக்கோல் நிறப் பகுதியில் இரண்டு, மதில் ஓரத்தில் ஒன்று. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் அலசி மண்ணைப் போக்கிவிட்டு, ஒரே ஒரு தண்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்த உறை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சின்ன வெங்காயம் உரிப்பது போல நகத்தால் உரித்துக்கொண்டே போங்கள். உள்ளே வெள்ளையாகவோ வெளிர்ப்பச்சையாகவோ, அழுத்தினால் விறைப்பாக ஒரு முனை கிடைத்தால் உயிர் இருக்கிறது. கடைசிவரை பழுப்பாக இருந்து விரலிடையில் பொடியானால் அந்தத் தண்டு முடிந்தது. மண்ணுக்குள் ஓடும் தண்டையும் இதேபோல் கிள்ளிப் பாருங்கள். மேலே எல்லாம் போயிருந்தாலும் ஓர் அங்குலத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு கணு கிடைப்பது உண்டு. மீதித் துண்டுகளை ஒரு தொட்டியில் வைத்து, பாதி நிழலில், தினம் ஒரு சொம்பு தண்ணீர் விடுங்கள். இரண்டு வாரத்தில் கணுவிலிருந்து ஊசி போலப் பச்சை கிளம்பினால், தரையில் இருப்பதும் கிளம்பும்.

வெட்டும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். புல் கையோடு ஜமுக்காளம் மாதிரி உருண்டு வந்தால், அது வறட்சி இல்லை. வேரை வெள்ளைப்புழு தின்றிருக்கிறது. மண்ணைக் கிளறினால் அந்தப் புழு ஆங்கில C எழுத்து போல வளைந்து கிடக்கும். அதற்கு வைத்தியமே வேறு.

சரி, தண்ணீர் குறையும்போது புல் என்னதான் செய்கிறது? முதலில் தெரிவது நிறம்தான், ஆனால் பழுப்பு இல்லை. பளிச்சென்ற பச்சை மங்கி, சாம்பல் கலந்த நீலப்பச்சையாகும். பிறகு இலை நீளவாக்கில் மடியும் அல்லது சுருளும். இலையின் மேல்முகத்தில் வரிசையாக இருக்கும் பெரிய செல்கள் தண்ணீரை இழந்து தளர்வதால் வருவது இது. மடிந்த இலையில் வெயில் படும் பரப்பு குறைவு. இந்தக் கட்டத்தில் மாலையில் லானில் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள், உங்கள் காலடித்தடம் அப்படியே பதிந்து நிற்கும். தண்ணீர் நிறைந்த புல் மிதித்தவுடன் நிமிர்ந்துவிடும், தாகத்தில் இருக்கும் புல்லுக்கு நிமிர விறைப்பு போதாது. மத்தியான வெயிலில் மட்டும் வாடிச் சாயங்காலம் தெளிந்தால் பயப்பட வேண்டாம். வெயில் இழுக்கும் வேகத்துக்கு வேரால் ஈடு கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். காலையிலும் வாடி நின்றால்தான் மண் உண்மையில் காய்ந்திருக்கிறது.

உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியம். காய்கிற மண்ணை முதலில் உணர்வது வேர். அப்போது செடியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் ஏறும். அது இலைக்குப் போய் அங்கிருக்கும் துளைகளை மூடச் சொல்லும். துளை மூடினால் தண்ணீர் போவது குறையும், கூடவே கரியமில வாயு உள்ளே வருவதும் நிற்கும். சாப்பாடு நின்றுபோகும். வியர்வை நின்ற உடம்பு மாதிரி இலையும் சூடாகும். அதனால்தான் வறண்ட லானில் கை வைத்தால் சுடுகிறது. இதற்கிடையில் செல்கள் சர்க்கரை, புரோலின் போன்ற பொருள்களைச் சேர்த்துச் சாற்றை அடர்த்தியாக்கிக்கொள்ளும். அடர்த்தியான சாறு இருக்கிற தண்ணீரை விடாது, மண்ணில் ஒட்டியிருக்கும் கொஞ்ச ஈரத்தையும் இழுக்கும். டீஹைட்ரின் என்ற புரதங்கள் சேர்ந்து, வற்றும் செல்லின் சவ்வுகள் சிதையாமல் காக்கும். இவை எல்லாவற்றுக்கும் அவகாசம் வேண்டும். படிப்படியாகத் தண்ணீர் குறைந்த புல் ஒரு மாதம் தாங்கும். நேற்றுவரை தினம் இரண்டு வேளை குளித்துக்கொண்டிருந்த புல்லுக்கு இன்று திடீரென்று நிறுத்தினால் பத்து நாளில் விழும். இரண்டும் ஒரே ரகமாக இருந்தாலும் அப்படித்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். “வறட்சி தாங்கும் புல்” என்று விற்கும்போது இரண்டு வேறு குணங்களை ஒரே சொல்லில் கட்டிவிடுகிறார்கள். ஒன்று, வேரை ஆழமாக விட்டுத் தண்ணீரைத் தேடியெடுத்துப் பச்சையாகவே இருப்பது. மற்றது, பச்சையை விட்டுக்கொடுத்துவிட்டு உயிரைப் பிடித்துக்கொண்டு கிடப்பது. குளிர் நாட்டு லான்களில் இந்த இரண்டுக்கும் கச்சிதமான ஜோடி ஒன்று உண்டு. டால் ஃபெஸ்க்யூ என்ற புல் ஆழ வேர் விடும். பக்கத்துப் புல்லெல்லாம் பழுத்த பிறகும் அது பச்சையாக நிற்கும். ஆனால் அது தூராக வளர்கிற புல், மண்ணுக்குள் ஓடும் தண்டு அதற்குப் பெரிதாகக் கிடையாது. ஆழத்துத் தண்ணீரும் தீர்ந்தால் தூர் தூராகச் செத்து, லானில் ஓட்டை ஓட்டையாக விழும். கென்டகி புளூகிராஸ் நேர் எதிர். கொஞ்சம் காய்ந்தாலே பழுத்துவிடும், பார்க்கப் பரிதாபமாக இருக்கும், மழை பெய்ததும் மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து எழுந்து வந்துவிடும். இதில் எது வறட்சி தாங்கும் புல்? நீங்கள் ஜூலையில் பார்க்கிறீர்களா, அக்டோபரில் பார்க்கிறீர்களா என்பதைப் பொறுத்தது.

இனி உங்கள் லானின் பச்சைத் திட்டுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான், நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். ஒரே புல், ஒரே வெயில், ஒரே நாளில் தண்ணீர் நின்றது. அப்படியானால் நடுவில் மட்டும் ஏன் பச்சை? அடியில் இருக்கும் மண் வேறு.

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டம் இருக்கிறது. அந்த வட்டம் ஒரு காலத்தில் முழுசாக இருந்ததா, பாதியில் விடப்பட்டதா என்று நெடுநாள் விவாதம். 2013 கோடையில் அங்கே புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் ஒரு பக்கத்துக்கு எட்டவில்லை. எட்டாத பக்கத்தில் புல் காய்ந்தபோது, கல் இல்லாத இடங்களில் தனித்தனிப் பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. வட்டம் முழுமையாக இருந்திருந்தால் கற்கள் எங்கே நின்றிருக்குமோ, அங்கே. கல் போய் எத்தனையோ காலம் ஆகியும் அது நின்ற குழியின் மண் சுற்றியிருக்கும் மண்ணைப் போல இல்லை, புல் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. 2018-ல் சாட்ஸ்வொர்த் மாளிகையின் லானிலும் இதே கதை. பல தலைமுறைகளுக்கு முன் மூடப்பட்ட பழைய பூந்தோட்டத்தின் பாதைகளும் பாத்திகளும் காய்ந்த புல்லில் கோலம் போட்டது போல வெளியே வந்தன. ஸ்டோன்ஹெஞ்சில் ஹோஸ் நீளம் குறைந்ததால் ஒரு தொல்லியல் கேள்விக்கு விடை கிடைத்தது என்பது எனக்கு இன்றும் சிரிப்பை வரவழைக்கும்.

நானே ஒரு கல்லூரி மைதானத்தைப் பார்த்துக்கொண்ட வருடங்களில், ஒவ்வொரு ஏப்ரலிலும் மூலையில் ஒரு நீள்சதுரம் முதலில் பழுக்கும். உரம் போட்டோம், மருந்து அடித்தோம், தண்ணீர் கூட விட்டோம். மூன்றாம் வருடம் கடப்பாரையைப் போட்டபோது அரையடியில் டங்கென்று சத்தம். பழைய கிரிக்கெட் வலைப்பயிற்சிக்குப் போட்ட கான்கிரீட் தளம். அதை உடைத்து எடுக்காமலே மேலே மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். நாங்கள் மூன்று வருடம் கான்கிரீட்டுக்கு மருந்து அடித்திருக்கிறோம்.

புல்லைவிட மண்ணின் ஆழம்தான் முக்கியம் என்பதைச் சோதித்தே பார்த்தவர்கள் அமெரிக்காவில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தார். 2006-லும் 2007-லும் சான் அன்டோனியோவில், அந்த நகரத் தண்ணீர் வாரியத்தின் ஆதரவோடு, பெர்முடா, சோய்சியா, செயின்ட் அகஸ்டின், அமெரிக்க பஃபல்லோ ஆகிய இனங்களில் 25 ரகங்களை வளர்த்து, மழை வந்தால் மூடிக்கொள்ளும் நகரும் கூரைக்குக் கீழே 60 நாள் தண்ணீரே விடாமல் காயப்போட்டார்கள். ஒரு பாதிக்கு ஆழமான இயல்பு மண். மறு பாதிக்கு வெறும் 4 அங்குல மண், அதற்குக் கீழே வேர் போகாமல் தடுப்பு. இயல்பு மண்ணில் இருந்தவை பழுத்து உறங்கி, பிறகு தண்ணீர் கிடைத்ததும் மீண்டன. 4 அங்குல மண்ணில் ஒரு ரகம்கூடத் தேறவில்லை, பேர்போன வறட்சி ரகங்களும் சேர்த்துத்தான். எந்தப் புல் தாங்கும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான்.

கணக்குப் போட்டால் இதில் ஆச்சரியமே இல்லை. சுமாரான செம்மண், புல்லால் எடுக்கக்கூடிய தண்ணீராக, ஒவ்வொரு செ.மீ. ஆழத்துக்கும் ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகம் வைத்திருக்கும். நம் கோடையில் புல்தரை நாளுக்குச் சுமார் 4 மி.மீ. குடிக்கும். பத்து செ.மீ. மண் என்றால் மூன்று நாள் சரக்கு. அறுபது செ.மீ. என்றால் பதினெட்டு நாள், அதற்குள் புல் தன் குடியைக் குறைத்துக்கொள்வதால் இன்னும் நீளும். இப்போது புது வீட்டு லான் எப்படிப் போடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கட்டி முடித்ததும் செங்கல் துண்டு, கலவைக் கட்டி, எம்-சாண்ட் எல்லாம் அங்கேயே கிடக்கும். அதை நிரவிவிட்டு மேலே செம்மண் கொட்டுவார்கள். மூன்று சென்டுக்கு நான்கு யூனிட் செம்மண் பரப்பினால் நாலு அங்குலம்கூட வராது. அதன்மேல் பாய் விரித்தால் இரண்டே வாரத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சி. சான் அன்டோனியோவில் செத்த பாதியைத்தான் நாம் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறோம். மதில் ஓரத்தில் அஸ்திவாரக் கழிவு அதிகம், சுவரிலிருந்து திரும்பி அடிக்கும் சூடும் சேரும். அங்கே முதலில் காய்ந்ததில் அதிசயம் இல்லை. நடுத்திட்டில் ஒருவேளை பழைய தென்னங்குழியோ, மண் தோண்டி நிரப்பிய இடமோ இருக்கும்.

அப்படியானால் புல்லின் இனத்துக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. மண் கிடைத்தால் அதைப் பயன்படுத்தத் தெரிந்த புல்லும் தெரியாத புல்லும் உண்டு. இதில் முதலிடம் நம் அருகம்புல்லுக்கு. கல்யாணத்தில் “ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி” என்று வாழ்த்துகிறோமே, அந்த வாழ்த்தைச் சொன்னவர் வயலில் அருகோடு மல்லுக்கட்டியவராகத்தான் இருக்க வேண்டும். தரைமேல் ஓடும் கொடித்தண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு இரண்டும் அதற்கு உண்டு, கணுவுக்குக் கணு வேர். ஆழமான மண் கிடைத்தால் வேர் ஒரு மீட்டரையும் தாண்டும். மேலே எல்லாம் கருகினாலும் அடித்தண்டு மாதக்கணக்கில் கிடந்து ஒரு மழைக்கு எழுந்துவிடும். இதை ஒழிக்க விவசாயிகள் கண்ட வழியைப் பாருங்கள், கோடை உழவு. அடித்தண்டைப் புரட்டி மேலே போட்டு வெயிலில் வற்றவிடுவது. மண்ணுக்குள் இருக்கும்வரை சாகாது, மேலே வந்தால்தான் சாகும். நான் உங்கள் லானில் தேடச் சொன்ன அந்த வெள்ளைக் கணுவின் மகிமை இதுதான்.

நர்சரிக்காரர் சொல்லும் பெர்முடாவும் இந்த அருகுதான், அல்லது இதன் கலப்பு. பேர் என்னவோ தீவுடையது, புல் ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்துப் புல். லானுக்கு வரும் மெல்லிய இலை ரகங்கள் பல, அருகையும் ஒரு தென்னாப்பிரிக்க இனத்தையும் சேர்த்து அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்ற ஊரில் உருவாக்கியவை. டிஃப்வே 1960-ல் வெளிவந்தது. டிஃப்டஃப் என்பது அதே ஊரிலிருந்து பிறகு வந்த ரகம், வறட்சியில் பச்சை நிற்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. இவை விதை வைக்காதவை, தண்டு நட்டுத்தான் பெருக்க வேண்டும். “டிஃப்வே விதை” என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பெர்முடாவின் குறை ஒன்றே ஒன்று, நிழல் ஆகாது. மாமரத்தடியில் போட்டால் வறட்சி வருவதற்கு முன்பே நிழல் அதைக் கொன்றுவிடும்.

உங்கள் கொரியன் புல் சோய்சியா இனம். அதற்கும் கொடித்தண்டு, அடித்தண்டு இரண்டும் உண்டு, அதனால் உறங்கி எழும் வல்லமை இருக்கிறது. ஆனால் வேர் அருகு அளவுக்கு ஆழம் போகாது, அதனால் சீக்கிரம் பழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அது மெதுவாக வளரும் புல். அருகு மூன்று வாரத்தில் மூடுகிற காயத்தைக் கொரியன் மூடப் பல மாதம் எடுக்கலாம். “செத்துப்போச்சு” என்ற தீர்ப்பு கொரியனுக்கு அதிகம் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். பத்து நாள் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார்கள், எழவில்லை என்றதும் மண்வெட்டியை எடுத்துவிடுகிறார்கள்.

பஃபல்லோ கிராஸ் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. இணையத்தில் “பஃபல்லோ கிராஸுக்குத் தண்ணீரே வேண்டாம்” என்று படித்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். அவர்கள் படித்தது அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை மேய்ந்த மெல்லிய புல், அது உண்மையிலேயே மிகக் குறைந்த தண்ணீரில் வாழும். ஆஸ்திரேலியர் பஃபல்லோ என்று சொல்வது செயின்ட் அகஸ்டின், அகல இலை, முற்றிலும் வேறு புல். நம் நர்சரிகளில் அந்தப் பேரில் கிடைப்பதும் அகல இலைப் புல்தான். செயின்ட் அகஸ்டினுக்கு அடித்தண்டு கிடையாது, கொடித்தண்டு முழுக்க வெயிலில் கிடக்கிறது. நிழலுக்கு அருமையான புல், ஆனால் தண்ணீர் நின்றால் ஒளிந்துகொள்ள அதற்கு இடமில்லை. இலங்கையில் மலேசியன் புல் என்று போடும் கார்பெட் புல்லும் மழை அதிகமுள்ள ஊருக்கே உரியது. பேரைக் கேட்டு வாங்காமல், ஒரு துண்டைப் பிடுங்கி மண்ணுக்குள் தண்டு ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் பாஸ்பாலம் என்ற புல்லைப் பற்றிக் கேட்பார்கள். அதன் பலம் உப்புதான். உப்புத் தண்ணீர் பாய்ச்சினால் மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் இழுக்க முடியாது, புல்லுக்கு அதுவும் ஒருவகை வறட்சி. சென்னை ஓரத்துப் போர்களில் பெர்முடா சோர்ந்துபோகும் தண்ணீரில் பாஸ்பாலம் நிற்கும். உங்களுக்கு அது தேவையில்லை. ஆன்லைனில் கென்டகி புளூகிராஸ், ரை என்று படத்தோடு வரும் விதைகளைச் சமவெளியில் போடாதீர்கள். அவை சி3 என்ற குளிர் நாட்டு வகை. அருகு, சோய்சியா போன்ற சி4 என்ற வெயில் நாட்டு வகைப் புற்கள் ஒரு கிராம் வளர்ச்சிக்குச் செலவிடும் தண்ணீரைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அவற்றுக்கு வேண்டும், அதுவும் நம் வெயிலில் அவை உழைத்த உழைப்பில் ஒரு பங்கைத் தாமே எரித்துவிடும். மண்வாசனை தெரியாமல் வாங்கிய விதை முளைக்கும், ஏப்ரல் வரை இருக்கும்.

இனி கையில் இருக்கும் லானுக்கு. மூன்று சென்ட் என்பது சுமார் 121 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். பச்சையாக வைத்திருக்க நாளுக்கு 4 மி.மீ. வீதம் கிட்டத்தட்ட 480 லிட்டர் வேண்டும். வற்றிய போரை வைத்துக்கொண்டு அது ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை. உறங்கும் புல்லின் கழுத்து வற்றாமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒரு முறை 12 மி.மீ. போதும், அதாவது 1,450 லிட்டர். நாள் கணக்கில் பார்த்தால் 70 லிட்டர்கூட இல்லை. குளியல் தண்ணீரைத் திருப்பிவிட்டாலே கிடைக்கும், ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி என்று மாற்றி மாற்றி விடலாம். சோப்புத்தூள் கலந்த முதல் அலசல் தண்ணீரை மட்டும் விடாதீர்கள், அதிலிருக்கும் சோடியம் மண்ணை இறுக்கும். மண் இப்போது எண்ணெய் பூசியது போலத் தண்ணீரை உருட்டிவிட்டால், முதலில் லேசாகத் தெளித்து அரை மணி நேரம் விட்டு மறுபடி ஊற்றுங்கள். சாயங்காலம் அல்லது விடிகாலை.

செய்யக் கூடாதது, இரக்கப்பட்டு நாலு நாள் தண்ணீர் விட்டுப் பிறகு நிறுத்துவது. தண்ணீர் கண்டதும் புல் சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து இலை விடும். அந்த இலை சம்பாதித்துத் திருப்பிக் கொடுப்பதற்குள் தண்ணீர் நின்றால் நஷ்டம் புல்லுக்கு. இரண்டு மூன்று முறை இப்படி எழுப்பி எழுப்பிப் படுக்கவைத்தால் மழைக்கு எழக் கையிருப்பு இருக்காது. எழுப்புவதென்றால் தொடர்ந்து கொடுக்க வழியோடு எழுப்புங்கள், இல்லையென்றால் தூங்கட்டும். அப்புறம், அதன்மேல் வண்டி நிறுத்துவது, பிள்ளைகள் பந்து விளையாடுவது இரண்டும் இப்போது வேண்டாம். காய்ந்த கழுத்து மிதியில் நொறுங்கும். யூரியாவைத் தொடாதீர்கள். கரையான் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், காய்ந்த சருகு அதற்கு விருந்து.

மழை வந்து மண் நன்றாக நனைந்தபின் கொரியனுக்கு ஐந்தாறு வாரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் எழாத இடத்தை அளந்துகொண்டு, அங்கே மட்டும் தோண்டி, கழிவை வாரி வெளியே போட்டு, ஓர் அடியாவது நல்ல மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்பி, எழுந்த பகுதியிலிருந்தே தண்டு எடுத்து நடுங்கள். முழு லானையும் மாற்றிப் பெர்முடா போடுவதற்கும் இதே வேலையைத்தான் செய்ய வேண்டும், செய்யாமல் போட்டால் அடுத்த ஏப்ரலில் பெர்முடாவும் இதே கேள்வியைக் கேட்க வைக்கும். பச்சை வந்தபின் தினம் பத்து நிமிட ஸ்பிரிங்க்ளரை விட்டுவிட்டு, காலடித்தடம் நிற்கிற அன்று மட்டும் அரையடிக்கு இறங்குகிற மாதிரி ஊற்றுங்கள். வேர் தண்ணீர் இருக்கும் ஆழத்துக்குத்தான் போகும். கோடைக்கு முன் வெட்டும் உயரத்தை அரை அங்குலம் ஏற்றிவிடுங்கள், மேலே இலை இருந்தால் கீழே வேர் இருக்கும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். பிப்ரவரியில் தழைச்சத்தைக் குறைத்துக் கொஞ்சம் பொட்டாஷ் கொடுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை. நீளமான ஸ்க்ரூடிரைவரோ கூரான கம்பியோ எடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் நான்கைந்து இடத்தில் குத்தி, எத்தனை அங்குலத்தில் முட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த மண்ணில் இறங்காவிட்டால் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி மறுநாள் குத்துங்கள். பச்சைத் திட்டின் அளவும் மதில் ஓரத்து அளவும் எனக்கு வேண்டும். போட்டோ வேண்டாம், அந்த அங்குலக் கணக்கை எழுதி அனுப்புங்கள்.